பொட்டு வைத்த இஸ்திரிப் பெட்டி

ஓவியக் கல்லூரித் தேர்வில் ஒருமுறை கோட்டைவிட்டதும் அப்பா சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை பெயிலானா டைப்ரைட்டிங் கிளாஸ்தான்." எழுபதுகளின் தொடக்கம் அது. இரண்டாம் முறை எங்கள் ஓவிய சார் கேட்டது அன்றாடப் பொருள் ஒன்றின் படம். நேரில் உட்கார்ந்து பார்த்துத்தான் வரைய வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்கார அக்காவின் பித்தளைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து தீட்டினேன். கரியேறிய பித்தளையில் எத்தனை நிறம் தெரியுமா! கறுப்பென்று நினைத்த இடத்தில் நீலம், மூடி ஓரத்தில் பச்சை, துவாரங்களுக்குள் தணலின் சிவப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சாம்பார்க் கரண்டியைக்கூட உற்றுப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

நான்காம் நாள் போனால் பெட்டி மின்னுகிறது! புளி போட்டுத் தேய்த்து, குங்குமப் பொட்டு வைத்து, கைப்பிடியில் சாமந்தி சுற்றி, அந்தப் பெட்டியாலேயே யாருடைய வேட்டியையோ தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா.

"ஐயோ, என்னக்கா இது?"

"நாலு பேரு பாக்கற படத்துல என் பொட்டி அழுக்கா நிக்கணுமா? உன்னப் பொண்ணு பாக்க வந்தா எண்ணெ வழிஞ்ச மூஞ்சோட போய் நிப்பியா நீ?"

அழ வேண்டிய நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்று நாள் கறுப்பின் மேல் மஞ்சளை அப்பி, பூவும் பொட்டும் போட்டு, உள்ளே தணலை அப்படியே விட்டு, ஒரே மூச்சில் முடித்தேன்.

சார் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பூ வச்சிருந்தா ஆயுத பூஜை. ஆயுத பூஜைன்னா பெட்டியில நெருப்பு இருக்காது. நீ நேர்ல பாக்கலை, மனசுல சேத்துட்டே. பெயில்."

"சார், தாம்பரம் வந்து கேட்டுப் பாருங்க சார்!"

நான் கெஞ்சிய கெஞ்சலில் மனிதர் மறுநாளே ரயிலேறி வந்துவிட்டார். பெட்டியோ பழையபடி கரியாகியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அக்கா இடுப்பில் கைவைத்தாள். "பூ வச்சது நான்தான் சார். நெருப்பில்லாம எப்டி? அன்னிக்கும் துணி தேச்சாத்தானே வூட்ல ஒல வெக்க முடியும்? பொண்ணு கண்ணால பாத்துதான் வரைஞ்சுது. அத்த வுடு, சட்ட இன்னா இப்டி கசங்கிக் கீது? கழட்டிக் குடு!"

சார் பனியனோடு நின்றார். அவள் தேய்த்து முடித்துப் பெட்டியை ஓரமாக வைத்த பிறகும் சட்டையை வாங்கவில்லை. பெட்டியருகே குனிந்தார், இன்னும் குனிந்தார். பிறகு என் கையிலிருந்த பென்சிலையும் நோட்டையும் பிடுங்கிக்கொண்டார்.

"சார், என் மார்க்கு?"

"போட்டாச்சும்மா. நகரு, வெளிச்சத்தை மறைக்காதே."