பதுளையில் மல்லிகாவோடு கடைசிச் சுற்று

போன ஓகஸ்ட் விடுமுறையில் பதுளையில் ஒரு திறந்த சதுரங்கப் போட்டி. நான் போனதற்கு ஒரே காரணம் மல்லிகா. பசறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவளை ஒருமுறைகூட நான் வென்றதில்லை. அவள் கலியாணமாகி மொனராகலைக்குப் போய் இருபது வருடமாகிறது, என் வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் ஏழு மணி நேரம். நான் முதல் நாளே வந்து பசறையில் அக்கா வீட்டில் தங்கிவிட்டேன். அங்கிருந்து பதுளை பத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் பிடிக்கும். வளைவுகள் அதிகம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். "உள்ளுக்குப் போங்க, எடம் இருக்கு" என்பார் நடத்துனர். நம்பாதீர்கள்.

வழியில் எங்கள் லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் ஆடுவோம். எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு: ராஜாவுக்கு மட்டுமல்ல, ராணிக்குக் குறி வைத்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தால் செல்லாது.

கடைசிச் சுற்றில் இருவரையும் எதிரெதிரே போட்டார்கள். வென்றால் மல்லிகாவுக்கு மாகாண அணியில் இடம். எனக்கோ அவளை ஒருமுறை தோற்கடித்தால் போதும். ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன், அவளும் தள்ளினாள். பக்கத்துச் சிப்பாயை எடுத்துக்கொள் என்று நீட்டினேன். தொடவில்லை, தன் சிப்பாய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அதே பழைய அழுத்தக்காரி.

இரண்டு மணி நேரம் கழித்து, குதிரையை வைத்துவிட்டு, "ராணி!" என்றாள்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பேசக் கூடாதென்று நடுவர் வந்து எச்சரித்தார். என் கை அதற்குள் வேறொரு காயை நோக்கிப் போயிருந்தது, என் ராணி மாட்டியதை அவள் சொல்லும்வரை நான் கவனிக்கவே இல்லை. ராணியை நகர்த்தினேன். அரை மணி நேரத்தில் மல்லிகா தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தாள்.

திரும்பும்போது இருவரும் மொனராகலை பஸ்ஸில் ஏறினோம். அது பசறை வழியாகத்தான் போகும், பதுளையிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏன்டி சொன்ன? சும்மா இருந்திருந்தா அணியில எடுத்திருப்பாங்கல்ல?"

"வாயில வந்திருச்சுடி," என்றாள். "ஒன்கூட ஆடுறப்ப எனக்கு வேற மாதிரி ஆடத் தெரியல."

இந்தப் போட்டிக்கு நீங்களும் போவதானால் முதல் நாளே போய்த் தங்குங்கள், ஒரு சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வளர்ந்தவளோடு மட்டும் மோதிவிடாதீர்கள். ஆசைப்பட்டபடி வென்றுவிட்டு, பசறையில் இறங்கி அக்கா வீடு வரை அழுதுகொண்டே போனேன்.