சுழி பார்க்கும் சுருளியம்மாள்

போடியில் சுருளியம்மாளைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை, மாடு வாங்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. இருவருக்குமே சுழி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பெண்ணின் தலையில் எங்கே சுழி விழுந்தால் மாமியாருக்கு ஆகாது, காளையின் முதுகில் எங்கே இருந்தால் வண்டி குடைசாயும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி என்று ஊரே நம்பியது. அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. 1971இல் ஒரே ஒரு பொய் சொன்னாள். அது வளர்ந்து வித்தையாகிவிட்டது.

அந்தப் பொய் சந்திரவல்லியைப் பற்றியது. இருவரும் ராசிங்காபுரத்தில் அடுத்தடுத்த வீடு. ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகத் தேறாமல் போய், ஒன்றாகவே போடிக்கு ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனவர்கள். சுருளியின் தாய் ஒச்சம்மாள், மகன் கண்ணுச்சாமிக்குச் சந்திரவல்லியைக் கேட்டபோது எல்லோருக்கும் முன்னால் துள்ளிக் குதித்தது சுருளிதான். சிநேகிதியே மதினியாக வரப் போகிறாள்.

பரிசம் போட மூன்று நாள் இருக்கையில், மலையில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்த கண்ணுச்சாமி இறங்கி வந்து, தங்கச்சியைத் தனியே கூப்பிட்டு அழுதான். எஸ்டேட்டில் அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருந்தாள். பேர் சோலை. கையில் ஆறு மாதக் குழந்தை. ஆத்தாவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

கல்யாணம் நிற்க வேண்டும், காரணமும் தெரியக் கூடாது. சுருளி யோசித்துவிட்டுத் தாயிடம் போய், சந்திரவல்லிக்குப் பிடரியில் சுழி இருக்கிறது, பேன் பார்த்தபோது கண்ணால் கண்டேன் என்றாள். மாமியாரை ஆறே மாதத்தில் அனுப்பிவைக்கும் சுழி என்றும் சேர்த்துக்கொண்டாள். ஒச்சம்மாளுக்கு உயிர் மேல் கொள்ளை ஆசை. பரிசம் நின்றது.

சந்திரவல்லி பேச்சை விட்டாள். வேலை பார்த்த ஏலக்காய்க் கடையையும் மாற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பூ வைக்கிற சாக்கில் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜீப்பு ஓட்டும் பெரியகருப்பன், தனக்குத்தான் அம்மாவே இல்லையே, சுழி யாரைக் கொண்டுபோகும் என்று சொல்லிக் கட்டிக்கொண்டான்.

ஒச்சம்மாள் மகனுக்குப் பெண் தேடுவதை நிறுத்தவில்லை. பன்னிரண்டு வருடத்தில் பத்தொன்பது பெண்கள். பத்தொன்பது பேருக்கும் சுருளி ஆளுக்கொரு சுழி கண்டுபிடித்தாள். வெளியார் கேட்டு வந்தால் மட்டும் எல்லாப் பெண்ணுக்கும் ராஜசுழி என்று சொல்லி அனுப்புவாள். அதனால் ஊரில் நல்ல மதிப்பு. மதிப்பு வந்ததே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து கதை பேச ஆள் இல்லை. சந்திரவல்லி திரும்ப ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

1983 மே மாதம் மதுரையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண்கள் அறுபது பேர் குரங்கணிக்குக் கோடை முகாம் வந்தார்கள். பத்து நாள். சமையலுக்குச் சுருளியையும் சந்திரவல்லியையும் பிடித்த காசிமாயன், ஒருத்தியிடமும் மற்றவள் வருவதைச் சொல்லவில்லை. ஜீப்பை விட்டு இறங்கிய சந்திரவல்லி சுருளியைப் பார்த்ததும் திரும்ப ஏறப் பார்த்தாள். லோடு இருக்கிறது என்று அவள் புருஷன் வெரசாகக் கிளம்பிப் போய்விட்டான்.

பேச்சு விட்டவர்கள் ஒரே இடத்தில் வேலை செய்ய நேர்ந்தால் போடிப் பக்கத்தில் அதற்கும் ஒரு வழி உண்டு. நடுவில் கிடக்கிற எதையாவது கூப்பிட்டுப் பேசலாம். சந்திரவல்லி அடுப்பிடம் பேசினாள்.

"அடுப்பே, வெங்காயத்த வெரசா உரிக்கச் சொல்லு. இல்ல, வெங்காயத்துக்கும் சுழி பாத்துக்கிட்டு இருக்காகளா?"

சுருளி அம்மியிடம் பதில் சொன்னாள். உப்புப் போட்டாயிற்றா என்று மட்டும் அம்மியிடம்கூடக் கேட்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை. முதல் நாள் சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கு. மறுநாள் மற்றவள் போட்டிருப்பாள் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை முகாம் டீச்சர் காசிமாயனைக் கூப்பிட்டு, இரண்டு பேரில் ஒருவரை நாளைக்கு ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இதை விட்டால் இவளோடு ஒரு கூரைக்கடியில் நிற்க எந்தக் காலத்தில் வாய்க்கும்?

அன்று மத்தியானம் பாயசத்துக்கு எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் வந்தது. மலைப்பாதையில் அதை மடியில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவள் சோலை. மலையிலேயே பிறந்து மலையாளம் கலந்து பேசுகிறவள். கூடவே மகள். சுருளி கண்ணால் சாடை காட்டுவதற்குள் சோலை வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டாள்.

"நாத்தூனே, சுகந்தன்னே? ஒங்கண்ணன் இடுப்பு வலின்னு படுத்துட்டாரு. அதான் நான் வந்தேன்."

நாத்தூன் என்றால் நாத்தனார் என்று சந்திரவல்லிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கண்ணுச்சாமியின் மூக்கு அப்படியே இருந்தது. வயதைக் கேட்டாள். வருகிற ஆடிக்குப் பதிமூன்று என்றது பெண். சந்திரவல்லி விரல் விட்டு எண்ணினாள். பரிசத் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் போய் விரல் நின்றது.

சோலை மலை ஏறிப் போன பிறகு, சந்திரவல்லி அடுப்பைப் பார்க்காமல் சுருளியின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"ஏண்டி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியம் வாங்கிட்டான்டி. சொல்லியிருந்தா நீ அன்னைக்கே எங்க வாசல்ல வந்து நின்னு கத்தியிருப்ப."

"கத்தத்தான் செஞ்சிருப்பேன். அதுக்கு எம் பிடரியவா ஊருக்குப் பந்தி வைப்ப?" சந்திரவல்லி திரும்பி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டாள். "பாரு. நெசமாவே இருக்கா?"

சுருளி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். இருந்தது. மொச்சைக் கொட்டை அளவில், வலம் சுழித்து, அழகாக.

"இருக்குடி" என்றாள்.

சந்திரவல்லி கையால் பிடரியைத் தடவிப் பார்த்தாள். "அப்ப எம் புருசன் பத்து வருசமா இல்ல இல்லன்னு எந்தலைல அடிச்சுல்ல சத்தியம் பண்றான்" என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து சுருளி எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைய சமையலைப் பற்றி டீச்சர் ஒரு குறையும் சொல்லவில்லை. யாரையும் அனுப்பவும் இல்லை.

முகாம் முடியும் வரை சந்திரவல்லி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தியம் பண்ணியது சுருளி, தான் பண்ணவில்லை, ஆகவே ஒச்சம்மாளிடம் போய்ச் சொல்லத் தனக்குத் தடை இல்லை. சொன்னபடியே கடைசி நாள் ஜீப்பை எஸ்டேட்டுக்கு வரவழைத்து, சோலையையும் மகளையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிய கண்ணுச்சாமியையும் ஏற்றிக்கொண்டுபோய் ராசிங்காபுரத்தில் இறக்கினாள்.

ஒச்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். பேத்தியை ஏற இறங்கப் பார்த்தாள். உயிர் ஒன்றும் போகவில்லை. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கவலை.

"தேவாரத்துல பொண்ணு பாக்க வெள்ளிக்கெழம வர்றோம்னு சொல்லிவிட்டிருக்கேனே. அவுகளுக்கு இப்ப என்ன பதில் சொல்றது?"

"நாங்க ரெண்டு பேரும் போயிச் சொல்லிட்டு வர்றோம் அத்தை" என்றாள் சந்திரவல்லி.

வெள்ளிக்கிழமை காலைப் பஸ்சில் இருவரும் தேவாரத்துக்குப் புறப்பட்டார்கள். பெண் வீட்டில் என்ன சொல்வது என்று இறங்குகிற வரைக்கும் முடிவாகவில்லை. வழியெல்லாம் பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.