விமானம் வரைந்த கப்

எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி.க்கும் அறிவியல் புத்தகம் உண்டு. வழவழப்பான தாளில் ஒரு செடி சிரித்துக்கொண்டிருக்கும். செடிக்குத் தண்ணீரும் காற்றும் வெயிலும் வேண்டும் என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். நான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், அத்தோடு அன்றைய அறிவியல் முடிந்தது. காரைக்குடி வெயிலில் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு, வெயில் என்றால் இதுதான் என்று புத்தகத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க எனக்குச் சம்பளம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், வீட்டிலிருந்து ஆளுக்கொரு விதை கொண்டுவரச் சொன்னேன். டீக்கடையில் கொடுப்பார்களே, அந்தக் காகிதக் கப்பில் மண் நிரப்பி ஜன்னலோரம் வைத்தேன். பெயர் எழுதினால் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு படம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மீன், பஸ், பூனை என்று போட்டார்கள். ஒரு வாண்டு வட்டம் போட்டுவிட்டு இட்லி என்றான்.

ஒரே ஒரு விதிதான் வைத்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னது, பக்கத்துப் பிள்ளை சொன்னது எதுவும் செல்லாது. ஒருத்தி எழுந்து, டீச்சர் சொன்னது செல்லுமா என்று கேட்டாள். அதுவும் செல்லாது என்றேன். சொன்னபோது எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கேள்வி கேட்ட அந்தப் பெண் விதை விஷயத்திலும் தனி ரகம். மற்றவர்கள் மொச்சையும் பச்சைப்பயறும் வெந்தயமும் கொண்டுவந்தார்கள். அவள் பென்சில் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பேரீச்சங்கொட்டையை எடுத்தாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, சவுதியில் வேலை பார்க்கிறார். அங்கிருந்து ஊருக்கு வந்த யாரிடமோ அவர் கொடுத்தனுப்பிய பழத்தின் கொட்டை. தன் கப்பில் ஒரு விமானம் வரைந்தாள். அத்தா லீவில் வருவதற்குள் முளைத்துவிடும் என்று போனில் சொல்லியும் வைத்துவிட்டாளாம்.

மூன்றாம் நாளே பயறு மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. மொச்சை குனிந்த கழுத்தோடு எழுந்தது. வகுப்பே ஜன்னலோரம் கிடந்தது. விமானக் கப்பில் மட்டும் மண் மண்ணாகவே இருந்தது. பேரீச்சை முளைக்க மாதக்கணக்கில்கூட ஆகும் என்று படித்துத் தெரிந்துகொண்டு அவளிடம் சொன்னேன். அவள் வருத்தப்படவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு மண்ணு மட்டும்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். பார்த்ததை மட்டும் சொல்கிற பிள்ளை என் வகுப்பில் அவள் ஒருத்திதான். மற்றதுகள் பூ பூத்துவிட்டது, காய் காய்த்துவிட்டது, காயைப் பறித்துக் குழம்பு வைத்தாயிற்று என்றெல்லாம் அளந்துவிட்டுக்கொண்டிருந்தன.

அவளுடைய அத்தா வந்தார். நாட்கள் போயின, மண் அசையவில்லை. அவருடைய லீவு முடிகிற வாரம் எங்கள் பள்ளியில் பெற்றோருக்கான அறிவியல் தினம் வந்தது. அன்று மாலை அவருக்கு விமானம். வெறும் மண்ணைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று எனக்குத்தான் சங்கடம். அவளுக்கு இல்லை. அத்தாவிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று முதல் நாள் கேட்டேன். "உள்ள இருக்கு, இன்னும் வரலன்னு சொல்லுவேன்" என்றாள். இதைவிடச் சரியான விடையை நானே எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

மறுநாள் காலையில் வகுப்பறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் வந்தவர்களை வரவேற்றுவிட்டு உள்ளே திரும்பியபோது, அவள் அத்தாவின் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனாள். விமானக் கப்பில் இரண்டு இலைகளோடு ஒரு செடி நின்றது.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அது ஒரு நொடிதான். பிறகு அவள் குனிந்து இலையை உற்றுப் பார்த்தாள். பக்கத்து மீன் கப்பைப் பார்த்தாள். மறுபடி தன் கப்பைப் பார்த்தாள். இத்தனை வாரமாக அந்த ஜன்னலோரத்திலேயே கிடந்தவளுக்கு மொச்சையைத் தெரியாதா?

"இது மொச்சை" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. விரலை விட்டு மண்ணைக் கிளறினாள். கொட்டை இல்லை. "என்னோட விதை எங்க டீச்சர்?"

அவளுடைய அத்தா நல்ல மனிதர். நிலைமையைச் சமாளிக்க, "வெளிநாட்டு விதையில்லையா, விசா வர லேட்டாகும்த்தா" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயந்தரம் அவர் போய்விட்டார்.

கொட்டையை எடுத்துவிட்டு மொச்சையை நட்டது எங்கள் பள்ளி ஆயாம்மா. அரியக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதிலிருந்து சோறு ஊட்டுவதுவரை எல்லாம் அவர்தான். அந்தப் பெண்மீது அவருக்குக் கொள்ளைப் பிரியம். நான் கோபத்தில் கத்தியே விட்டேன். அவர் அசரவில்லை. ஊரில் வருஷாவருஷம் அம்மனுக்கு முளைப்பாரி போடுகிறவர். முளை வளர்க்கிற மண் ஓட்டில் யாருக்காவது முளை சரியாக வராவிட்டால், அடுத்த ஓட்டிலிருந்து கொஞ்சம் பிடுங்கி நட்டுத்தான் கொடுத்து அனுப்புவார்களாம். அந்த வீட்டுக்காரர்கள் மனசு விட்டுப்போகக் கூடாதாம்.

"வெறுஞ்சட்டியக் கையில குடுத்து அனுப்பலாமா டீச்சர்? அதுவும் தகப்பன் பொறப்படுற அன்னிக்கு?" என்றார். அவர் ஒன்றும் ஏமாற்றவில்லை. அவர் ஊரில் அன்பு என்றால் அதுதான். கொட்டையைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனசு வரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் ஊன்றினேன். மறுநாள் அவளிடம், உன் விதை என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, முளைத்ததும் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினாள். பெரியவர்கள் பேச்சை முடித்துக்கொள்ளத் தலையாட்டுவார்களே, அப்படி. அன்றிலிருந்து அவள் ஜன்னலோரம் போகவில்லை. காலையில் வந்து எனக்குச் செய்தி சொல்வதும் நின்றுபோனது. செடிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மற்றவர்களோடு சேர்ந்து ராகம் போட்டாள்.

கோடை விடுமுறை வந்தது. அவளுடைய அம்மா பிறந்த வீட்டோடு இருக்கத் திருப்பத்தூருக்குப் போய்விட்டார். அவளையும் அங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள். டப்பாவுக்கு நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவு தண்ணீருக்குப் புல் முளைத்தது, கீரை முளைத்தது, எங்கிருந்தோ வந்து ஒரு தக்காளியும் முளைத்தது. பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். என் வீட்டுக்காரர், அந்தக் கொட்டைக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துவிடலாமா என்று கேட்டார்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து, ஒரு காலையில் மண்ணில் ஒரு பச்சை ஊசி நின்றது. புல் என்று பிடுங்கக் கை போய்விட்டது. தொட்டால் விறைப்பாக இருந்தது. பக்கத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். அதே கொட்டை, பக்கவாட்டில் பிளந்து, வெள்ளையாக ஒரு கால் நீட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கொட்டைக்காக அழுதேன்.

முளையையும் கொட்டையையும் சேர்த்துப் படம் எடுத்து அவளுடைய அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பாப்பாவிடம் காட்டுங்கள், அவள் விதை முளைத்துவிட்டது என்று எழுதினேன். சாயந்தரம் பதில் குரல் செய்தியாக வந்தது. ரொம்பச் சந்தோஷம் டீச்சர், அவுக அத்தாவுக்கும் அனுப்பிட்டேன் என்றெல்லாம் அம்மா மரியாதையாகப் பேசினார். முடிக்கிற நேரத்தில், இங்க பாரு, ஒன் விதை முளைச்சிருக்கு, டீச்சர்கிட்ட ஏதாவது சொல்லு என்று அவளைக் கூப்பிட்டார்.

கொஞ்சம் தள்ளியிருந்து அவள் குரல் கேட்டது. கோபமில்லை, வருத்தமும் இல்லை. ஜன்னலோரத்திலிருந்து வந்து செய்தி சொல்கிற அதே குரல்.

"நான் பாக்கல. டீச்சர் வேற விதைய வச்சிருப்பாக."

அம்மா பதறி அவளை அதட்டுவதோடு செய்தி முடிந்தது.

அவளைத் தப்பு சொல்ல முடியாது. தன் கப்பில் முளை என்று அவள் கண்ணால் பார்த்தது ஒரு முறைதான், அந்த முறை கப்பில் இருந்தது மொச்சை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூர் பஸ் ஏறலாமா என்றுகூட நினைத்தேன். கொண்டுபோய்க் காட்டினாலும் அது ஏதோ ஒரு பேரீச்சை, அவ்வளவுதான். அவளுடையது என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர என்ன இருக்கிறது? அன்றைக்கு அந்த வெறும் மண்ணையே அவள் தன் அத்தாவிடம் காட்டியிருக்க வேண்டும். உள்ளே இருக்கிறது, இன்னும் வரவில்லை என்று சொல்லியிருப்பாள். அவரும் நம்பியிருப்பார்.

இப்போது இரண்டாவது ஓலை வந்திருக்கிறது. நான் படம் எடுக்கவில்லை.