நாங்கள் வாசிக்காத பாட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படி என்றால் தாராளமாக எழுந்து போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உடையார்பாளையத்தில் ஒரு ராக் பேண்ட் இருந்தது என்றால் இன்று எவன் நம்புவான்? மூன்றே பேர். டிரம்ஸுக்கு ஏலாக்குறிச்சி சேவியர், பாட லப்பைக்குடிக்காட்டு ஜப்பார், கிதாருக்கு நான். மூன்று கச்சேரி செய்தோம், மூன்றிலும் பாதியிலேயே மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள்.

பயிற்சியெல்லாம் காலியாகக் கிடந்த ஒரு முந்திரிக் கோடவுனில். வேடிக்கை பார்க்கக் கூட்டம் உள்ளே வந்துவிடும் என்று வாட்ச்மேன் கோவிந்தன் வெளியே பூட்டிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். பாட்டுச் சத்தம் நின்றால் வந்து திறப்பார். அதுதான் ஏற்பாடு.

அன்று சித்திரை வெயில், மதியம். முதல் பாட்டிலேயே கரண்ட் போனது. சத்தம் நின்றும் கோவிந்தன் வரவில்லை. கத்தினோம், இரும்புக் கதவை டிரம்ஸ் குச்சியால் அடித்தோம், காலால் உதைத்தோம். ஜன்னல் கிடையாது, மேலே தகரம். ஜப்பாருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, முந்திரித் தூசியில் இழுக்க ஆரம்பித்துவிட்டது. "யா அல்லாஹ், மூச்சு வரலடா மச்சான், தொறக்கச் சொல்லுடா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். டீக்கடையில் ஆட்கள் பேசிச் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் அலறுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. அவன் செத்துவிடுவான் என்று அழுதேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஜப்பாரின் இழுப்பு சட்டென்று நின்று, என் மடியில் சாய்ந்துவிட்டான். அந்த நிமிஷம் கதவு திறந்தது.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? இப்பத்தான சூடு புடிச்சுது" என்றார் கோவிந்தன்.

ஜப்பாரை ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்தார்கள். மறுநாள் கோவிந்தனை உலுக்கினேன். "கரண்ட்டே இல்லையேய்யா, என்னத்தக் கேட்டீங்க?"

"கடையிலயுந்தான் கரண்ட் இல்ல. இவனுவ எப்படி வாசிக்கிறானுவன்னு நாங்களே பேசிச் சிரிச்சோம். ஒரே பாட்டு, நிக்கவே இல்ல."

பேண்ட் அத்தோடு முடிந்தது. எங்களை யாருக்கும் நினைவில்லை. ஆனால் போன மாதம் பஸ்ஸில் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார், அன்று டீக்கடையில் இருந்தவராம்.

"அந்தப் பாட்டு நடுவுல ஒருத்தர் மூச்ச இழுத்து இழுத்துப் பாடுவாரே, அதாங்க அழகு. அது மாதிரி நான் அப்பறம் கேக்கவே இல்ல."

ஜப்பார் இன்றும் லப்பைக்குடிக்காட்டில்தான் இருக்கிறான். அவனிடம் இதை நான் சொல்லவில்லை.