டெய்லரம்மா தூங்கிய மதியம்

டெய்லரம்மா ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் தைப்பவர். இதய ஆபரேஷன் முடிந்து கணவர் வீடு வந்ததிலிருந்து டெய்லரம்மா வேலைக்குப் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் அசந்தால் அந்த மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். வேலைக்குத் திரும்புவதா, விட்டுவிடுவதா என்றும் குழப்பம்.

ஒரு மதியம் கணவர் கேட்டார்: "நீ பாத்துக்கிட்டே இருக்கறதாலயா நான் மூச்சு விடறேன்?"

"பின்ன?"

"ஆபரேஷன் அன்னைக்கு உன்னை உள்ளயே விடலையே. அப்ப பாத்துக்கிட்டவரு இப்பவும் பாத்துப்பாரு. கொஞ்சம் படும்மா."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஏசப்பா, இவரை உங்க கையில ஒப்புக்கொடுக்கறேன். நான் என்ன செய்யணும்னும் நீங்களே காட்டுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்தார். படுத்ததுதான் தெரியும்.

விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில். கணவர் அடுப்படியிலிருந்து மெல்ல நடந்து வந்து டீயை நீட்டினார்.

"சர்க்கரையே இல்லையே," என்றார் டெய்லரம்மா.

"தேடினேன், கிடைக்கல."

மூச்சு வாங்காமல் நின்றிருந்த கணவரைப் பார்த்தார். மனம் தெளிந்திருந்தது.

"நாளைக்கு வேலைக்குப் போறேங்க."

"போயிட்டு வா. சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."