ரபேல் மேல் கேஸ் இல்லை

ஜப்பான்காரன் காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உப்புக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த ரபேலும் தம்புசாமியும் ஆளுக்கொரு பொட்டலம் உப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே மாட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் அதுதான் முதல் திருட்டு. திருடத் தெரிந்தவன் இடுப்பில் கட்டுவானா?

ஜப்பான் சிப்பாய்கள் முகம் வீங்க அடித்த பிறகு, அங்கே கணக்கெழுதும் தமிழ்க் கிராணி ரபேலின் மனைவி டொரத்தியைக் கூப்பிட்டனுப்பினான்.

"முதல் தப்புன்னு அதிகாரி மனசு வெச்சிருக்காரு. கோர்ட்டு வேணாம், கேஸ் வேணாம். சயாம்ல ரயில் ரோடு போடுறாங்க. கொஞ்ச மாசம் வேலை செஞ்சிட்டு வந்தா பேரு சுத்தம். இல்லாட்டி ஜெயிலுதான்லா."

டொரத்தி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா தண்டவாள மேஸ்திரி. ரயில் வேலை என்றாலே அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு, தலைக்கு மேல் கூரை, காய்ச்சலுக்கு மருந்து. ஜெயில் என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோயிலில் திருடன் பெண்டாட்டியாக நிற்க வேண்டும். அந்த மானத்தைத்தான் அவள் பெரிதாக நினைத்தாள், பாவி.

ரபேலுக்கு மனமில்லை. "ஜெயிலுக்கே போறேன் டொரத்தி. இங்க புடு ஜெயில்ல இருந்தா நீ வந்து பாக்கலாம். சயாம் எங்க இருக்குன்னே தெரியல."

"அறிவிருக்கா ஒங்களுக்கு? கம்பி எண்ணவா போறீங்க? நமக்குத் தெரியாத ரயில் வேலையா?"

பெண்டாட்டி பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவன், சயாமுக்குப் போனான். தம்புசாமிக்குப் புத்தி சொல்லப் பெண்டாட்டி இல்லை. ஜெயிலுக்குப் போய், சொறியும் சிரங்குமாக உயிரோடு திரும்பினான். டொரத்தி அவனை வாசல்படி ஏறவிடவில்லை. "ஜெயிலுக்குப் போனவனுக்கு இங்க என்ன வேலை?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

ஜப்பான்காரன் தோற்று, சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும் டொரத்தி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இறங்கியவர்களிடமெல்லாம் புருஷன் பேரைச் சொல்லி விசாரித்தாள். ஒரு காலை இழந்திருந்த ஜெயராஜ் என்பவன் நின்றான். அவளை அவன் முன்பின் பார்த்ததில்லை.

"பிரிக்பீல்ட்ஸ் ரபேலா? காலரா வந்து செத்துட்டாரு. தனிக் குடிசையில கொண்டு போட்டாங்க, தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல."

டொரத்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாராண்ணே?"

"அடுத்த குடிசையில காலு போயி நான் கெடந்தேன், எல்லாம் கேட்டுச்சு. என்னை ஜெயில்லயே போடுங்கன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் கேக்காதீங்கன்னு கெஞ்சினாரு. நீங்க அவருக்கு யாரு அக்கா?"

"பக்கத்து வீடு" என்றாள் டொரத்தி.