ஆள் பிணை

1992ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது என் இடது மார்பில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு இருக்கும். நோகவில்லை. என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சருக்கும் இப்படித்தான் நோகாமல் தொடங்கியது. அவர் அந்தப் புற்றுநோய் வருத்தத்தாலேயே இறந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீடு 1990இல் செல் குண்டு விழுந்து உடைந்துபோனது. ஒரே மகன் றெஜி கனடாவில். நானும் என் கணவர் சில்வெஸ்டரும் கொழும்புத்துறையில், வெளிநாடு போன ஒருவரின் வீட்டில் இருந்தோம். எங்களோடு எங்கள் அருங்கொடைச் செபக் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு குடும்பங்கள். ஒன்று குழுவை நடத்தும் அன்ரன் மாஸ்டரின் குடும்பம். மற்றது தையல்காரர் யோசப்பு அண்ணையும் அவர் மனைவி திரேசக்காவும். ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே விளக்கு. ஒரு சவர்க்காரக் கட்டியை நூலால் மூன்றாக அறுப்போம். செபிக்கும்போது எங்கள் சத்தம் தெருவுக்குக் கேட்கும். விறகுக்காகச் சண்டை பிடிக்கும்போதும் கேட்கும்.

பங்குனியில் ஒரு குணமளிக்கும் வழிபாடு நடந்தது. கட்டியைப் பற்றி நான் கணவருக்கு மட்டும் சொல்லியிருந்தேன். வழிபாட்டின் நடுவில், வெளியிலிருந்து வந்த ஒருவர் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்: "இஞ்சை இருக்கிற ஒரு சகோதரியின்ரை மார்பிலை ஆண்டவர் கை வைக்கிறார். வருத்தம் போகுது." நான் கையை உயர்த்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் வந்து என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அந்தக் கிழமை முழுவதும் என் சுகத்துக்காக நன்றிச் செபம் நடந்தது.

கட்டி அப்படியே இருந்தது.

இதை எப்படிச் சொல்வது? நன்றியும் சொல்லியாகிவிட்டது. இனி "சுகமில்லை" என்றால் நான் விசுவாசத்தை விட்டவள் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். அந்தக் கிழமையின் ஒவ்வொரு நாளிலும் "குறையவில்லை" என்ற ஒரு சொல்தான் எழுதினேன். ஆண்டவர் என்னை மட்டும் தாண்டிப் போய்விட்டார் என்று எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டில் பகிர்வு நடக்கும். ஒவ்வொருவரும் அந்தக் கிழமை நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. என் முறை வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கட்டி போகேல்லை. இப்ப இன்னும் பெரிசு."

மாஸ்டர் வேதாகமத்தைத் திறந்து மூடினார். யோசப்பு அண்ணைதான் வாய் திறந்தார்.

"அப்ப அண்டைக்கு ஆண்டவர் சொன்னது வேறை ஆரோ சகோதரியை. விலாசம் மாறிப் போச்சு. ரீச்சர், நீங்கள் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

யாழ்ப்பாணத்தில் பார்த்த டொக்ரர் ஒளித்து மறைக்கவில்லை. "இஞ்சை வெட்டி எடுக்கலாம். ஆனால் அதுக்குப் பிறகு கரன்ற் பிடிக்க வேணும், கதிர் வைத்தியம். இஞ்சை லைற்றுக்கே கரன்ற் இல்லை. கொழும்புக்குப் போங்கோ. சுணங்க வேண்டாம்" என்றார்.

குடாநாட்டை விட்டுப் போவதற்கு, இங்கே ஆட்சி நடத்தும் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். நாங்கள் திரும்பும்வரை பிணை நின்றவர் வெளியே போக முடியாது. சிலர் வீட்டை ஈடாகக் காட்டினார்கள். எங்களுக்கு வீடு இல்லை. ஆகவே ஆள்தான் பிணை.

அரியாலையில் இருந்த என் கணவரின் மச்சானிடம் போனோம். தேத்தண்ணி தந்தார். பிறகு சொன்னார்: "மகன் கனடாவிலை. இஞ்சை ஒரு காணி, வீடு இல்லை. நீங்கள் திரும்பி வருவியளெண்டு நான் எதை நம்பிக் கையெழுத்து வைக்கிறது? எனக்கும் கலியாணம் கட்டாத ரெண்டு குமர் இருக்கு." அவர் சொன்னதில் பிழை இல்லை. இன்னும் சிலரிடம் கேட்டோம். ஒருவர் எங்களைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் கணவர் குழுவிடம் கேட்டார். ஒவ்வொரு பெந்தெகோஸ்தே நாளிலும் நாங்கள் வட்டமாக நின்று, பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்து, "உன் பாரம் எனக்கும் பாரம்" என்று வாக்குக் கொடுப்பது வழக்கம். அன்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை, ஒரு பயணம், ஒரு பயம் இருந்தது. மாஸ்டர் மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கினார்.

"மாஸ்டர், பாட்டை நிப்பாட்டுங்கோ" என்றார் யோசப்பு அண்ணை. "பாட்டுக்குப் பாஸ் குடுப்பாங்களோ? நான் நிக்கிறன்."

திரேசக்கா எழும்பிவிட்டார். "உங்களுக்கென்ன விசரோ? வைகாசியிலை பிள்ளையின்ரை கலியாணம்!"

அவர்களுடைய ஒரே மகள் மெற்றில்டா கொழும்பில் சித்தி வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பிரான்சிலிருந்து லீவில் வருகிறார். தள்ளிப்போட முடியாத கலியாணம். யோசப்பு அண்ணையும் திரேசக்காவும் போவதற்குப் பாஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"தெரியும்" என்றார் அவர்.

"தெரிஞ்சுகொண்டோ சொல்லுறியள்?"

"தெரிஞ்சபடியால்தானப்பா இவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். வேறை ஆரும் சொல்லுவினமோ எண்டு பாத்தன்."

"வேண்டாம் அண்ணை" என்றேன்.

"ரீச்சர், நீங்கள் சும்மா இருங்கோ. உங்களை ஆர் கேட்டது?"

திரேசக்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் ஒருமுறைதான் வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

பாஸ் கொடுக்கும் கந்தோரில் யோசப்பு அண்ணை கையெழுத்து வைத்தார். திரேசக்காவுக்கு மட்டும் கலியாணத்துக்குப் போக அனுமதி கிடைத்தது. அவருக்குப் பிணை நின்றவர் மாஸ்டர். அன்று பின்னேரம் யோசப்பு அண்ணை தனக்கென்று தைத்து வைத்திருந்த கோட்டை எடுத்துத் தோள் தையலைப் பிரித்தார். என் கணவரைக் கூப்பிட்டு அளவு எடுத்தார்.

"சில்வெஸ்டர், நீர்தான் பிள்ளையைக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போறது. சேட்டோடை போகேலாது. மெல்லமா நடவும். அவள் முதல் இடது காலைத்தான் வைப்பாள், சின்னனிலையிருந்து அப்பிடித்தான். நீரும் இடதை வையும்."

என் கணவர் கைகளை விரித்தபடி நின்றார்.

சித்திரையில் திரேசக்காவும் நாங்களும் கிளாலியில் வள்ளம் ஏறினோம். கடல் நீர் உள்ளே தெறித்து எல்லோரும் நனைந்தோம். திரேசக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வவுனியா போய்ச் சேரும்வரை என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருந்தது.

கொழும்பில் ஒப்பரேசன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது கட்டிலருகே திரேசக்கா கஞ்சிப் போத்தலோடு இருந்தார்.

"உங்களுக்காக வரேல்லை" என்றார். "அந்த மனுசன் பாக்கச் சொன்னது. குடியுங்கோ, ஆறப்போகுது."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். என் தலையை இழுத்து இழுத்து வாரிவிட்டார்.

வைகாசியில் கலியாணம். நான் காயத்தின் மேல் கட்டோடு கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மெற்றில்டா கோயில் வாசலில் வந்து நின்றாள். கோட்டோடு என் கணவர் கையை நீட்டினார். ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. அவள் உள்ளே வரவில்லை. றோட்டைத் திரும்பிப் பார்த்தபடி, "மாமா, ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றாள். அப்பா வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே இடது காலை எடுத்து வைத்தாள். என் சுகத்துக்காக எத்தனையோ முறை செபித்த நான், அந்த நேரத்தில் ஆண்டவரிடம் எதையும் கேட்கத் துணியவில்லை.

ஆடி முடிவில் சிகிச்சை முடிந்தது. நாங்கள் தங்கியிருந்த, மெற்றில்டாவின் சித்தி வீட்டுக்கு மகன் ரெலிபோன் எடுத்தான். "அம்மா, திரும்பிப் போகாதேங்கோ. நான் ஸ்பொன்சர் பண்ணுறன். அப்பாவும் நீங்களும் இஞ்சை வாங்கோ."

அவனைப் பார்த்து ஆறு வருடம். என் கணவர் ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப போகாட்டில் இனி அவனைக் காணுவமோ தெரியாது, பிலோமினா." கதவடியில் நின்ற திரேசக்காவுக்கு எல்லாம் கேட்டது. அவர் எங்களைக் கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. உள்ளே போய், கழுவி வைத்த கோப்பைகளை மறுபடியும் கழுவினார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். எனக்குச் செபமாலை சொல்ல வரவில்லை. அங்கே ஒரு மனிதர் எங்களை நம்பித் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு இருக்கிறார் என்பது மட்டும் மனதில் நின்றது. "போவம்" என்றேன். என் கணவர் அழுதார். பிறகு "ஓம்" என்றார்.

ஆனால் பாதை மூடிவிட்டது. கடலில் பிரச்சினை, வள்ளங்கள் ஓடவில்லை என்றார்கள். வவுனியாவில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் காத்திருந்தோம். எங்கள் பாஸின் தவணை முடிந்தது. எப்படியோ தனியாகக் கடல் தாண்டி அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார்: "யோசப்பு அண்ணையைக் கந்தோருக்குக் கூப்பிட்டு விசாரிக்கினம். சனமும் பகிடி பண்ணுது. உம்முடைய ரீச்சர் கனடா போய்ச் சேர்ந்திட்டாவோ எண்டு கேட்கினம்." யோசப்பு அண்ணை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஓம், போகேக்கை ரீச்சர் தன்ரை செருப்பை எங்கடை வாசலிலை விட்டிட்டுப் போனவ, அதை எடுக்க வருவா எண்டு சொல்லுறார்" என்றார் அவர். நான் செருப்பு எதையும் விட்டுவரவில்லை.

அந்தப் பாடசாலை வாங்கில்தான் நான் உண்மையாகச் செபித்தேன். "ஆண்டவரே, இந்த உடம்பு எத்தனை நாள் இருக்கும் என்று இனிக் கேட்கமாட்டேன். அவர் விடுபடுவதற்காகவாவது என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்." திரேசக்கா பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்தார். அவரும் அதையேதான் செபித்துக்கொண்டிருந்தார். ஆவணி முடியுமுன் வள்ளங்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

கொழும்புத்துறைக்கு வந்து சேர்ந்தபோது யோசப்பு அண்ணை தையல் மெசினில் இருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"வந்திட்டம் அண்ணை" என்றேன்.

"ஓம், தெரியுது. வாங்கோ, முதல் கந்தோருக்குப் போய்க் காட்டுவம். எனக்கு அங்கை போய்ப் போய் வாசல் படியும் பழகிப்போச்சு."

கந்தோரில் எங்களைக் கண்டதும் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை அழுதவளோ?"

நான் திரேசக்காவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுவார் என நினைத்தேன்.

"ஓம்" என்றார். "கோயில் வாசலிலை நிண்டு உங்களைத் தேடி அழுதவள்."

"அது போதும்" என்றார் யோசப்பு அண்ணை. "எனக்கு அது காணும்." பிறகு மெசினை மிதிக்கத் தொடங்கினார். ஊசிக்குக் கீழே துணி இருக்கவில்லை.

இதை நான் 1995 மாசியில் எழுதுகிறேன். வருத்தம் திரும்ப வரவில்லை. நாளைக்கு வருமோ தெரியாது. பிரான்சுக்குப் போன மெற்றில்டாவுக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். யோசப்பு அண்ணை மகளையும் காணவில்லை, பேரனையும் காணவில்லை. நானும் என் மகனைக் காணவில்லை. இவற்றை மறைத்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னால் அது பொய் நன்றி.

நான் சுகத்தைக் கேட்டேன். அவர் எனக்கு ஒரு ஆளைத் தந்தார். அந்த ஆள் வழியாகச் சுகத்தையும் தந்தார். கை தட்டிய நாளில் வராத பதில், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் வந்தது. அன்றிலிருந்து என் செபம் மாறிவிட்டது. எனக்காகக் கேட்கும்போது, அதற்கு விலை கொடுக்கப் போகிறவர் யாரோ, அவருக்காகவும் சேர்த்துக் கேட்கிறேன்.

போன வருடம் புத்தூரிலிருந்து ஒரு தாய் எங்கள் குழுவுக்கு வந்தார். அவருடைய குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை. கொழும்புக்குக் கொண்டுபோகப் பிணை இல்லை. அவரை எங்களுக்கு முன்பின் தெரியாது. கொழும்பில் நான் டொக்ரரிடம் காட்ட வேண்டிய தவணையும் அந்த மாதம்தான். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கையெழுத்து வைத்தோம். அவர்கள் திரும்பிவரும்வரை ஒவ்வொரு நாளும் எனக்குப் பயமாகவே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அந்தத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் படலையைத் திறந்தார்.

இதை வாசிக்கும் சகோதரரே, சகோதரியே, ஆண்டவரை நம்புங்கள். பயம் போன பிறகு நம்பலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடேயே நம்புங்கள். எனக்கு வேறு விதமாக நம்பத் தெரியாது.